விபி44 பம்ப் உள்ள டாட்ஜ் ராம் டீசல் வண்டியில் எரிபொருள் அழுத்தத்தைச் சோதிப்பதும் மேம்படுத்துவதும்

1998-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து 2002 வரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டாட்ஜ் ராம் 2500, 3500 டீசல் பிக்கப் வண்டிகளில், 24 வால்வு கொண்ட 5.9 லிட்டர் கம்மின்ஸ் ஐஎஸ்பி இன்ஜினும், அதற்கு டீசல் பம்பாக பாஷ் நிறுவனத்தின் விபி44-உம் பொருத்தப்பட்டிருந்தன. இன்ஜின் பல லட்சம் கிலோமீட்டர் உழைக்கக்கூடியது. பம்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. விபி44 பழுதாவதற்கு எலக்ட்ரானிக் போர்டு முதல் உள் தேய்மானம் வரை பல காரணங்கள் இருந்தாலும், வண்டியின் உரிமையாளர் தன் கையால் தடுக்கக்கூடியது ஒன்றுதான்: பம்புக்கு வந்து சேரும் டீசலின் அழுத்தம் குறைந்துபோவது.

இதில் சிக்கல் என்னவென்றால், அழுத்தம் பாதியாகக் குறைந்தாலும், ஏன், டேங்கிலிருந்து டீசலை எடுத்துத் தரும் லிஃப்ட் பம்ப் முற்றிலும் நின்றுபோனாலும்கூட, வண்டி பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். விபி44-க்குள்ளேயே, சுழலும் தகடுகளால் டீசலைத் தள்ளும் ஒரு சிறிய வேன் (vane) பம்ப் இருக்கிறது. மேலே இருந்து யாரும் தள்ளித் தராவிட்டாலும் அது டீசலை உறிஞ்சிக்கொள்ளும். தொழிற்சாலையிலிருந்து வந்த டாஷ்போர்டில் இதற்கென்று ஒரு கேஜும் கிடையாது, விளக்கும் கிடையாது. எனவே ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்யும் நாளில்தான் விஷயம் வெளியே தெரியும். அதற்குள் பம்ப் உள்ளே தேய்ந்திருக்கும்.

அழுத்தம் எதற்காகத் தேவைப்படுகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தவறான சாமானை வாங்கிப் பணத்தை வீணாக்குபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறார்கள். இன்ஜெக்டருக்குப் போகும் உயர் அழுத்தத்தை விபி44 தானே உண்டாக்குகிறது; லிஃப்ட் பம்ப் தரும் 10, 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அதோடு சேர்ந்து சக்தியைக் கூட்டுவதில்லை. அந்தச் சிறிய அழுத்தத்தின் வேலை, பம்பின் உடலுக்குள் டீசலைத் தொடர்ந்து ஓடச் செய்து, அதன் உள் பாகங்களுக்கு மசகாகவும் குளிர்விப்பாகவும் இருப்பதே. பம்பின் வெளிவாயிலில் உள்ள ஓவர்ஃப்ளோ வால்வு ஏறக்குறைய 14 பிஎஸ்ஐ அழுத்தத்தில், அதாவது நம் பட்டறைக் கணக்கில் ஒரு கிலோ அழுத்தத்தில், திறந்து மிகுதி டீசலை டேங்குக்குத் திருப்பி அனுப்புகிறது. வரும் அழுத்தம் அதற்குக் கீழே விழ விழ, வெப்பத்தைச் சுமந்துகொண்டு வெளியேறும் ஓட்டமும் சுருங்கிவிடுகிறது. டாடா லாரிகளில் வந்த 6பிடி கம்மின்ஸைப் பிரித்துப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றலாம். அந்த இன்லைன் பம்பின் கேம் ஷாஃப்ட் இன்ஜின் ஆயிலில் ஓடியது. விபி44-க்கு ஆயில் கிடையாது, டீசலே எல்லாம். மேலும், 2006 முதல் அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கான டீசலில் கந்தகம் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) அளவுக்குக் குறைக்கப்பட்டது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு முறை டீசலின் இயல்பான வழுவழுப்பையும் குறைத்துவிடுவதால், அதை ஈடுகட்ட மசகுச் சேர்மானம் கலந்தே விற்கிறார்கள்.

ஆகவே இங்கே மேம்படுத்துதல் என்றால் கேஜ் முள்ளை உயரத்துக்கு ஏற்றுவது அல்ல. சுமை இழுக்கும்போதும் முள் இறங்காமல் நிற்கும் அளவுக்கு ஓட்டத்தைக் கூட்டுவது.

சோதனைக்குத் தேவையானவை

0 முதல் 30 பிஎஸ்ஐ வரை காட்டும் ஒரு மெக்கானிக்கல் கேஜ், அதற்கேற்ற மூன்று மீட்டர் அளவு டீசல் ஹோஸ், சோதனை வாயிலில் பொருந்தும் நிப்பிள், புதிய செம்பு வாஷர்கள், ஒரு மல்டிமீட்டர், சிந்தும் டீசலைப் பிடிக்க ஒரு தட்டு. 100 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜை வாங்காதீர்கள். அதில் 9-க்கும் 12-க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியாது, நமக்கு வேண்டியதோ அந்த வேறுபாடுதான். இன்ஜின் ஆறிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். இந்த வண்டியில் இரண்டு பேட்டரிகள் இருப்பதால், வயரிங்கில் கைவைக்கும் வேலையாக இருந்தால் இரண்டின் நெகட்டிவையும் கழற்றுவது அவசியம்.

அழுத்தத்தை எங்கே பார்ப்பது

டீசல் பாகங்கள் எல்லாம் இன்ஜினின் ஓட்டுநர் பக்கத்தில், அமெரிக்க வண்டி என்பதால் இடப்பக்கத்தில், இருக்கின்றன. லிஃப்ட் பம்ப் சிலிண்டர் பிளாக்கிலும், அதற்கு அருகில் ஃபில்டர் கூடும் உள்ளன. ஃபில்டரிலிருந்து கிளம்பும் பைப் விபி44-க்குப் போகிறது. ஃபில்டருக்குள் நுழையுமுன் ஒரு சோதனை வாயிலும், ஃபில்டரைக் கடந்த பின் ஒரு சோதனை வாயிலும் உண்டு. டயர் வால்வைப் போன்ற அமைப்பு இவற்றில் இருந்தால் மூடியைக் கழற்றிவிட்டு நிப்பிளை மாட்டினால் போதும். இல்லையென்றால், துளையிட்டு எட்டில் ஒரு அங்குல என்பிடி (அமெரிக்க பைப் அளவு) மரை போட்ட பேஞ்சோ போல்ட், அதாவது பைப்பை இணைக்கும், டீசல் உள்ளே ஓடும்படி துளையுள்ள போல்ட், கடைகளில் கிடைக்கிறது. பழைய போல்ட்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டலாம்.

முக்கியமான அளவு ஃபில்டரைக் கடந்த பின் கிடைப்பதுதான், ஏனெனில் விபி44 உண்மையில் பெறுவது அதையே. ஃபில்டருக்கு முன் உள்ள அளவு, கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும்போது உதவும். இரண்டுக்கும் இடையே 5 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபாடு இருந்தால், வேறு எதையும் யோசிக்காமல் முதலில் ஃபில்டரை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

கேஜை எக்காரணம் கொண்டும் டீசல் ஹோஸோடு கேபினுக்குள் கொண்டுவரக் கூடாது. ஹோஸ் பிய்த்துக்கொண்டால் சூடான டீசல் ஓட்டுபவரின் காலில் கொட்டும். தற்காலிகச் சோதனைக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது: ஹோஸை பானட்டின் பின் விளிம்பு வழியாக வெளியே எடுத்து, கேஜின் முகம் உள்ளே பார்க்கும்படி விண்ட்ஷீல்டின் கீழ் மூலையில் வைத்து, வைப்பர் கையை அதன்மேல் இறக்கி, இரண்டு சுற்று டேப் போட்டு இறுக்கிவிட வேண்டும். பானட்டை மூடும்போது ஹோஸ் நசுங்கவில்லை என்பதை மட்டும் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். நசுங்கிய ஹோஸ் காட்டும் அளவை நம்ப முடியாது. மழை வந்தால் சோதனையை மறுநாளுக்குத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

சோதிக்கும் முறை

முதலில் இன்ஜினை ஓடவிடாமலே பார்க்கலாம். சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை ஒரு கணம் மட்டும் தட்டிவிட்டு, இன்ஜின் பிடிப்பதற்குள் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால், லிஃப்ட் பம்ப் ஏறக்குறைய 25 வினாடிகள் தானாக ஓடும். இந்த நேரத்தில் முள் நிலையாக ஏறி நிற்க வேண்டும். பம்ப் ஓடும் ஓசையே கேட்கவில்லை என்றால் பம்போ அதன் மின் இணைப்போ போய்விட்டது. வெறுமனே சாவியை ஆன் செய்தால் இரண்டு வினாடிகள்தான் ஓடும் என்பதால், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய அமைப்பு 12 முதல் 15 பிஎஸ்ஐ வரை காட்டும். 10-க்குக் கீழே இருந்தால் அது ஐடிலிலேயே தோற்றுவிட்டது. ஐடிலில் 13 காட்டுகிறதே என்று நிம்மதி அடைந்து அதோடு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது. ஐடிலில் இன்ஜின் குடிக்கும் டீசல் மிகக் குறைவு. தேய்ந்த பம்பும் அடைபட்ட ஃபில்டரும்கூட அந்தத் தேவையைச் சமாளித்துவிடும். நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்ப்பதும் போதாது, ஏனென்றால் சுமையில்லாத இன்ஜினை 2500 ஆர்பிஎம் சுற்ற வைக்க அதிக டீசல் வேண்டியதில்லை.

உண்மையான சோதனை சாலையில்தான் நடக்க வேண்டும். டிரெய்லர் இருந்தால் அதைப் பூட்டிக்கொண்டு, இல்லையென்றால் நீண்ட ஏற்றம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மேல் கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து, முள் எங்கே இறங்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கேஜை ஓட்டுபவர் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து குறித்துக்கொள்ளட்டும். மிதித்த உடனே ஒரு கணம் முள் குறைவது இயல்பு. குறைந்தது அங்கேயே நிற்கிறதா, அல்லது ஏற்றம் நீள நீள மேலும் இறங்கிக்கொண்டே போகிறதா என்பதே கேள்வி. மிகக் கடுமையான இழுப்பிலும் 10-க்குக் கீழே இறங்காமல் நின்றால் பழைய அமைப்பை வைத்துக்கொண்டே வண்டியை ஓட்டலாம். 5-ஐத் தொட்டால் அந்த வண்டியில் சுமை இழுப்பதை அன்றே நிறுத்திவிட வேண்டும். பூஜ்யத்துக்குப் போய்த் திரும்பினால், அதுவரை விபி44 டீசலைத் தானே உறிஞ்சி ஓடியிருக்கிறது என்று பொருள்.

இதே சோதனையை டேங்கில் கால் பங்கு டீசல் இருக்கும்போதும் ஒருமுறை செய்யுங்கள். ஏறக்குறைய 130 லிட்டர் பிடிக்கும் டேங்க் நிறைந்திருக்கும்போது மறைந்திருக்கும் உறிஞ்சு பக்கக் கோளாறு, டீசல் மட்டம் இறங்கும்போது வெளியே தெரியும்.

குறைவான அளவின் காரணத்தைத் தேடுதல்

பம்பை மாற்றுவதற்கு முன், குற்றம் பம்பினுடையதுதானா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது லிஃப்ட் பம்பின் பிளக்கில் வோல்ட்டேஜை அளந்து, பேட்டரியில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் பிளக்கின் ஊசிகளையும் எர்த் இணைப்பையும் சுத்தம் செய்த பிறகே மேற்கொண்டு பேச வேண்டும்.

வோல்ட்டேஜ் சரியாக இருந்து, ஃபில்டரும் புதிது என்றால், உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள். பம்புக்கு வரும் ஹோஸில் ஒரு முழ நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது வெளியே தெரியும் ஹோஸை இடையில் சேர்த்து இன்ஜினை ஓடவிட்டால் காற்று வருகிறதா என்பது நேராகத் தெரியும். தொடக்கத்தில் சில குமிழ்கள் ஓடி மறைவது சாதாரணம். ஊசி முனை அளவு குமிழ்கள் நிற்காமல் சரம் சரமாக வந்துகொண்டிருந்தால், டேங்குக்கும் பம்புக்கும் இடையே ஏதோ ஒரு ஜாயின்ட் காற்று வாங்குகிறது. அந்தப் பக்கம் அழுத்தம் இல்லாமல் உறிஞ்சல் மட்டும் இருப்பதால் வெளியே ஒரு சொட்டு டீசல்கூடக் கசியாது. கையால் தடவித் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கிளாம்ப் மாட்டும் இடங்களில் வெடித்த ரப்பர் ஹோஸ்களையே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

காற்று வரவில்லை, ஆனாலும் அழுத்தம் குறைவு என்றால், பம்பின் உறிஞ்சு வாயில் ஹோஸை டேங்கிலிருந்து பிரித்து, சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனுக்குள் விட்டு ஓட்டிப் பாருங்கள். அழுத்தம் உடனே ஏறினால் பம்ப் நல்லது, டேங்குக்குள் இருக்கும் ஜல்லடையோ பைப்போ அடைத்திருக்கிறது. அப்போதும் ஏறவில்லை என்றால் பம்ப் தேய்ந்திருக்கலாம், அல்லது ஓவர்ஃப்ளோ வால்வு மூடாமல் சிக்கியிருக்கலாம். பின்னதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். புதுப் பம்ப் போட்டும் ஐடிலில் அழுத்தம் ஏறாத வண்டிகளில் அந்த வால்வைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

இன்ஜின் கம்ப்யூட்டரில் பி0216 என்ற கோளாறு எண் பதிந்திருந்தால் கதை வேறு. அது விபி44-இன் டைமிங் கட்டுப்பாடு கைவிட்டதைக் குறிப்பது. அழுத்தத்தைச் சரிசெய்வதால் தேய்ந்துபோன பாகம் திரும்பி வளராது. ஆனால் புது விபி44 மாட்டுவதற்கு முன் இங்கே சொன்ன சோதனைகள் அத்தனையையும் முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் புதியதும் அதே வழியில் போகும்.

மேம்படுத்துதல்

பழைய லிஃப்ட் பம்பின் முதல் குறை அதன் திறன் அல்ல, அது இருக்கும் இடம். கிணற்றுக்குத் தொலைவில் மோட்டாரை வைத்தால் தண்ணீர் ஏறத் திணறுவதைப் போலத்தான் இதுவும்: பம்பால் நன்றாகத் தள்ள முடியும், தொலைவிலிருந்து இழுக்க முடியாது. இன்ஜினில் மாட்டிய பம்ப் வண்டியின் பாதி நீளத்துக்கு டீசலை இழுக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு இன்ஜினின் சூடும் அதிர்வும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே மாற்றும்போது அதே வகைப் பம்பை அதே இடத்தில் மறுபடி மாட்டுவது, காசு இல்லாத நேரத்துக்கு ஒரு வழி. நிலையான தீர்வு அல்ல.

டேங்குக்கு அருகில் சேசிஸ் சட்டத்தில் மாட்டும் பம்புகளே சரியான தேர்வு. ஃபாஸ், ஏர்டாக் ஆகிய பெயர்களில் வருபவை இந்த வகையைச் சேர்ந்தவை. டீசலில் கலந்த காற்றையும் நீரையும் பிரிக்கும் ஃபில்டர்கள் அவற்றிலேயே இருக்கும், தேவைக்கு மிஞ்சிய டீசலை ரெகுலேட்டர் டேங்குக்கே திருப்பிவிடும். மணிக்கு 100 கேலன், அதாவது சுமார் 380 லிட்டர் தரும் பம்ப், மாற்றம் செய்யாத இன்ஜினுக்கும் சிறிதளவு சக்தி கூட்டிய இன்ஜினுக்கும் தாராளம். பெரிய இன்ஜெக்டர் போட்டு நிறைய டியூனிங் செய்த வண்டிக்குத்தான் 150 கேலன் வகை வேண்டும். பெரியது வாங்கினால் நல்லதுதானே என்று கேட்பவர்கள், அது இழுக்கும் மின்சாரத்தையும் எழுப்பும் ஓசையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டேங்கிலிருந்து டீசலை எடுக்க மூன்று வழிகள் உண்டு. டேங்கோடு வந்த பழைய பைப்பையே பயன்படுத்தலாம். ஆனால் அதன் குறுகல் புதுப் பம்பின் கழுத்தைப் பிடித்துவிடும். டேங்கின் அடியில் துளையிட்டு ஒரு கிண்ணத்தை மாட்டலாம். கடைசிச் சொட்டு வரை எடுக்கும் என்பது அதன் சிறப்பு, அடியில் தங்கும் நீரையும் கசடையும் முதலில் எடுப்பதும் கல் அடிபடும் இடத்தில் தொங்குவதும் அதன் குறை. டேங்கின் மேல்தட்டு வழியாக அரை அங்குலப் பைப்பை உள்ளே இறக்குவதே என் தேர்வு. பைப்பின் முனையைச் சாய்வாக வெட்டி, அடித்தட்டிலிருந்து அரை அங்குலம் இடைவெளி விட வேண்டும். பிளாஸ்டிக் டேங்க் நிறையும்போதும் காலியாகும்போதும் சற்று வளைந்துகொடுக்கும் என்பதால், தட்டோடு ஒட்டி வைத்தால் ஒருநாள் வாய் மூடிக்கொள்ளும். டேங்கைக் கீழே இறக்குவதைவிட, பின்பக்கப் பெட்டியின் போல்ட்களைக் கழற்றி நான்கு பேர் சேர்ந்து தூக்கி வைத்துவிட்டு வேலை செய்வது எளிது. டேங்கில் டீசல் குறைவாக இருக்கும் நாளைப் பார்த்து இதைச் செய்யுங்கள்.

டேங்கிலிருந்து விபி44 வரை அரை அங்குல ஹோஸ் ஓட்டி, வழியிலுள்ள குறுகலான பேஞ்சோ போல்ட்களுக்குப் பதிலாக நேர்வாயில் பொருத்திகளைப் போடும்போதுதான் செலவுக்கு முழுப் பலன் கிடைக்கும். அழுத்தம் வீணாவது பெரும்பாலும் அந்தப் போல்ட்களின் சிறு துளைகளில்தான். துத்தநாகம் பூசிய ஜிஐ பொருத்திகள் எங்கும் வேண்டாம்; டீசலோடு துத்தநாகம் வினைபுரிந்து உண்டாகும் படிவு இன்ஜெக்டர் வரை போகும். மரைகளில் டெஃப்லான் டேப்பும் கூடாது, அதன் பிசிறு ஒன்று ஃபில்டருக்குப் பின்னால் கிளம்பினால் நேராக விபி44-க்குள் போய்விடும். டீசல் தாங்கும் திரவ சீலண்டை, முதல் இரண்டு மரைகளை விட்டுவிட்டு மெல்லியதாகத் தடவுங்கள்.

மின் இணைப்பில் ஒரு விஷயம் கண்டிப்பானது. இந்த வண்டிகளில் பழைய லிஃப்ட் பம்புக்கு இன்ஜின் கம்ப்யூட்டரே நேராக மின்சாரம் தருகிறது, இடையில் ரிலே கிடையாது. அதிக ஆம்பியர் இழுக்கும் புதுப் பம்பை அதே வயரில் மாட்டினால் பம்பைவிட விலை கூடிய கம்ப்யூட்டர் சேதமாகும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் போட்ட தனி வயரை ரிலே வழியாகப் பம்புக்குக் கொடுத்து, பழைய வயரை ரிலேயைத் தட்டிவிடும் சமிக்ஞைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

நிரந்தர கேஜ்

இவ்வளவு செலவு செய்தபின் நிரந்தர கேஜ் இல்லாமல் விடுவதில் அர்த்தமில்லை. கேபினுக்குள் எலக்ட்ரிக் கேஜ் வைத்து, சென்சாரை மட்டும் இன்ஜின் பக்கம் மாட்டுவது பாதுகாப்பானது. ஆனால் சென்சாரை நேராகப் பேஞ்சோ போல்ட்டில் திருகினால் விபி44-இன் துடிப்பு அதைச் சில மாதங்களிலேயே அடித்துக் கொன்றுவிடும். இடையில் ஒரு சிறு ஹோஸும் ஊசி வால்வும் போட்டு, முள் நடுங்குவது நிற்கும் வரை வால்வை மூடி, பிறகு ஒரு மயிரிழை திறந்துவிடுங்கள். சென்சார் கசிந்தால் நடுவழியில் அதே வால்வை முழுவதும் மூடிவிட்டு வீடு வந்து சேரலாம். கேஜை எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர்கள், அழுத்தம் 10-க்குக் கீழே போனால் விளக்கு எரியும்படி ஒரு பிரஷர் சுவிட்சையும் சேர்த்துக்கொள்ளலாம்.

காற்று எடுத்தல், அளவு வைத்தல்

எல்லாம் மாட்டி முடித்தவுடன் ஸ்டார்ட்டரைத் தட்டித் தட்டி, 25 வினாடி ஓட்டத்தை மூன்று நான்கு முறை நடத்தினால், காற்றில் பெரும்பகுதி டேங்குக்குத் திரும்பிவிடும். முள் நிலையாக நின்ற பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். தொடர்ந்து அரை நிமிடத்துக்கு மேல் கிராங்க் செய்யாமல், இடையிடையே இரண்டு நிமிடம் ஸ்டார்ட்டரை ஆறவிட வேண்டும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால், இரண்டு மூன்று இன்ஜெக்டர் பைப் நட்டுகளைச் சற்றே தளர்த்திக் காற்று எடுக்கலாம். ஆனால் அந்தப் பைப்புகளில் அழுத்தம் ஆயிரம் பார் அளவில் இருக்கும், பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் என்பதால், கையை அருகில் கொண்டுபோகக் கூடாது, நட்டின் மேல் கனமான துணி போட வேண்டும், முகத்துக்குக் கண்ணாடி அணிய வேண்டும். டீசல் தோலைத் துளைத்துவிட்டால் காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரெகுலேட்டரை ஐடிலில் 15 முதல் 17 பிஎஸ்ஐ வரை காட்டும்படி வையுங்கள். முழு இழுப்பில் 14-க்குக் குறையாமல் நின்றால் ஓவர்ஃப்ளோ வால்வு எந்நேரமும் திறந்தே இருக்கும். நாம் வேண்டியதும் அதுதான். 20-ஐத் தாண்டி ஏற்றுவதால் பம்புக்குக் கூடுதல் நன்மை எதுவும் இல்லை. முன் சீலுக்கு வேண்டாத சுமை, சில வண்டிகளில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும் தொல்லையும் உண்டு.

முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா கிளாம்ப்களையும் ஒருமுறை இறுக்கி, சட்டத்தில் ஹோஸ் உரசும் இடங்களைப் பார்த்து, புதுப் பம்பின் ஃபில்டர்களில் உள்ள நீரை வடித்துவிடுங்கள். ஐடிலிலும் ஏற்றத்திலும் கிடைத்த அளவுகளை, தேதியோடும் ஓடிய தூரத்தோடும், ஃபில்டர் கூட்டின் மேலேயே மார்க்கரால் எழுதி வைத்தால், அடுத்த முறை முள் இரண்டு பிஎஸ்ஐ கீழே நிற்கும்போது ஃபில்டர் மாற்றும் காலம் வந்துவிட்டது என்பது வேறு யாரையும் கேட்காமலே தெரியும்.